வலு முதலில் எங்கே வருகிறது? இளவட்டக்கல் முதல் இன்றைய ஜிம் வரை



பிச்சாவரத்தில் துடுப்பு போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் சுரபுன்னைக் காட்டுக்கு முன்னால் படகுத்துறை. அங்கே துடுப்பு போடும் அண்ணன்களில் பலர் ஒல்லியான உடம்புக்காரர்கள். சினிமாவில் காட்டும் புஜமெல்லாம் கிடையாது. ஆனால் படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு குறுகலான கால்வாய்களுக்குள் போய்த் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே படகில் ஜிம்முக்குப் போகிற பையன் ஒருவன் "குடுங்கண்ணே, கொஞ்ச நேரம் நான் போடுறேன்" என்று துடுப்பை வாங்கினால் பத்தே நிமிஷத்தில் தோள் எரிய ஆரம்பித்துவிடும்.

இது ஏன்? பையனுக்குச் சதை அதிகம். அப்படியானால் வலுவும் அவனுக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்?

நான் படிப்பது பி.காம். உடலியங்கியல் எனக்குப் பாடம் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதில் நம்ம ஊர்க் கல்லும் கட்டையும் வருகின்றன, இத்தாலியில் ஒரு பேராசிரியரின் நடுவிரல் வருகிறது, தொண்ணூறு வயதுப் பாட்டிகளும் வருகிறார்கள். மொத்தக் கதையும் சொல்வது ஒன்றைத்தான்: வலு முதலில் நரம்பில் வருகிறது, சதையில் பிறகுதான் வருகிறது. இது தெரியாததால் எத்தனையோ பேர் ஒரே மாதத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். எத்தனையோ பெரியவர்கள் "இனிமே எனக்கு எங்க வரப்போகுது" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

கல்லும் கட்டையும்

தென் மாவட்டக் கிராமங்களில் கோயில் பக்கமோ சாவடி ஓரமோ உருண்டையாக, வழவழவென்று ஒரு கல் கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். கல்யாணக்கல் என்றும் சொல்வார்கள். அதைத் தூக்கிக் காட்டுகிற இளவட்டத்துக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய வழக்கம். இன்றைக்கும் பொங்கல் சமயத்தில் நெல்லைப் பக்கம் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள்.

அந்தக் கல்லில் கைப்பிடி கிடையாது. குந்தி உட்கார்ந்து அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் வைத்து, கடைசியில் முதுகுப் பக்கம் தள்ள வேண்டும். கை பலத்தால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் சரியான நேரத்தில், சரியான வரிசையில் வேலை செய்ய வேண்டும். சில ஊர்களில் சின்னதும் பெரியதுமாகப் பல கற்கள் வைத்திருப்பார்கள். சின்னதில் பழகிவிட்டுத்தான் பெரியதுக்குப் போவது. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்று கர்லாக்கட்டை. தோளைச் சுற்றிச் சுழற்றுகிற மரக்கட்டை. தண்டால், பஸ்கியோடு சேர்த்து நம்ம தேகப்பயிற்சி சாலைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய ராணுவத்தினர் இதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834இல் டொனால்ட் வாக்கர் லண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில் 'இந்தியக் கட்டை' இடம்பிடித்தது. 1866இல் சிம் கெஹோ என்பவர் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவது ஒரு போட்டி! 1932இல் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர். பதக்கத்தோடு வெளியே வந்து சாலையில் லிஃப்ட் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். நம்ம ஊர்க் கட்டைக்குத் தங்கம் கிடைத்தது, ஆனால் நமக்குக் கிடைக்கவில்லை :-)

பிறகு எதிர்த்திசையிலும் காற்று வீசியது. உடற்கட்டைக் கண்காட்சி ஆக்கிய யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து போனார். அவரால் டம்பெல்லும் புஜம் காட்டும் புகைப்படமும் இங்கே புகழ் பெற்றன. 1919இல் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. உடற்பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு படிப்பு, ஒரு தொழில் என்று இங்கே நிலைபெற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவர்தான்.

ஆனால் சாண்டோவின் புகைப்படத்தோடு ஒரு எண்ணமும் சேர்ந்து ஊன்றிவிட்டது. வலு என்றால் கண்ணாடியில் தெரிய வேண்டும் என்பதே அது. இளவட்டக்கல் அப்படிக் கேட்கவில்லை. கல் எழுந்ததா இல்லையா, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

ஒரு நடுவிரலும் ஒரு இடது கையும்

இதே காலத்தில் ஐரோப்பாவில் சிலர் களைப்பை அளக்க ஆரம்பித்தார்கள். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியங்கியல் பேராசிரியர் ஒரு கருவி செய்தார். கையை அசையாமல் கட்டிவிட்டு நடுவிரலில் ஒரு எடையைத் தொங்கவிடுவார். தாளத்துக்கு ஏற்ப விரலை மடக்கி எடையை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுழலும் உருளையில் கோடாகப் பதியும். போகப் போகக் கோடு குட்டையாகி, கடைசியில் விரல் நின்றுபோகும்.

1891இல் அவர் எழுதிய களைப்பு பற்றிய புத்தகத்தில் ஒரு சுவையான சோதனை வருகிறது. அவருடைய சகா ஒருவர் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தினார். தேர்வுக்கு முன் எடுத்த கோட்டையும் பின் எடுத்த கோட்டையும் ஒப்பிட்டால், தேர்வு முடிந்த பிறகு அவர் விரல் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. அவர் எதையும் தூக்கவில்லை, உட்கார்ந்து கேள்விதான் கேட்டார். (தேர்வு வைத்தவருக்கே இந்தக் கதி என்றால் எழுதுகிற நம்ம கதியை யோசித்துப் பாருங்கள்!) அதாவது களைப்பு என்பது தசையில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல, மூளைக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்று வருடம் கழித்து, 1894இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், பயிற்சியே செய்யாத மறு கைக்கும் வலு கூடுகிறது! இடது கையில் ஒரு இழை சதை கூட வளரவில்லை, வலு மட்டும் எப்படிக் கூடும்? இரண்டு கைக்கும் பொதுவாக இருப்பது மேலே இருக்கிற நரம்பு மண்டலம்தான். மாற்றம் நடந்த இடமும் அதுதான்.

யாரை முதலில் கூப்பிடுவது?

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். தசையில் ஆயிரக்கணக்கான நார்கள் இருக்கின்றன. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணு ஒரு கூட்டம் நார்களைக் கையில் வைத்திருக்கிறது. அந்த நரம்பணுவையும் அதன் நார்களையும் சேர்த்து இயக்க அலகு என்கிறார்கள். நரம்பணு ஆணை கொடுத்தால் அந்தக் கூட்டம் முழுவதும் இழுக்கும், பாதி நார்கள் மட்டும் இழுப்பது என்பது கிடையாது. 1929இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் மெல்லிய ஊசி மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, தனித்தனி அலகுகளின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். விசையைக் கூட்ட உடம்புக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. கூடுதல் அலகுகளைக் கூப்பிடலாம், அல்லது ஏற்கெனவே வேலை செய்கிற அலகுகளை இன்னும் வேகமாகத் துடிக்கச் செய்யலாம்.

யாரை முதலில் கூப்பிடுவது? இதற்கு 1957இலும் 1965இலும் வெளியான ஆய்வுகளில் எல்வுட் ஹென்னிமன் விடை சொன்னார். சின்ன அலகுகள் முதலில், பெரியவை கடைசியில். சின்னவை மெதுவானவை, சீக்கிரம் களைக்காதவை. பெரியவை பலசாலிகள், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். வணிகவியல் பாஷையில் சொன்னால், தினசரிச் செலவுக்குக் கல்லாப்பெட்டிச் சில்லறை, பெரிய செலவு வந்தால் மட்டும் வைப்புநிதியை உடைப்பது. பழக்கமில்லாத ஆளுக்குத் தன் வைப்புநிதியை முழுதாக எடுக்கத் தெரியாது. பயிற்சி முதலில் கற்றுக்கொடுப்பது அந்த எடுக்கும் வித்தையைத்தான்.

1961இல் மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டைன்ஹவுஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். முழு பலத்தோடு இழுக்கச் சொல்லிவிட்டு, இழுப்பதற்குச் சற்று முன்னால் பின்பக்கம் துப்பாக்கியை வெடித்தார்கள். இன்னொரு முறை இழுக்கும்போதே கத்தச் சொன்னார்கள். இரண்டிலும் சராசரியாக விசை கூடியது. 'முழு பலம்' என்று நாம் நினைப்பது உண்மையில் முழுசு இல்லை. கல்லைத் தூக்குகிறவனைச் சுற்றி ஊரே ஏன் கூச்சல் போடுகிறது என்று இப்போது புரிகிறதா?

மருத்துவமனையில் பிறந்த பாடத்திட்டம்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்களால் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அப்போது லேசான எடையை நிறைய தடவை தூக்க வைப்பதுதான் வழக்கம். சிகாகோ கார்டினர் மருத்துவமனையில் இருந்த தாமஸ் டிலார்ம் இதை மாற்றினார். சின்ன வயதில் நோயில் விழுந்து எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். கனமான எடை, குறைந்த தடவை, தேறத் தேற எடையைக் கூட்டுவது என்ற முறையை 1945இல் வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதைச் சுருக்கினார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதைக் கண்டுபிடி, அதில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் பத்து. இன்று உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் 'மூணு செட், பத்து ரெப்' என்று சொல்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அடிப்படை யோசனை நமக்குப் புதிதா? சின்னக் கல், நடுக்கல், பெரிய கல். ஒவ்வொரு படியிலும் பழகிவிட்டு அடுத்தது. டிலார்ம் அதை அளந்து, எழுதி, நோயாளிக்குக் கொடுத்தார். அளந்து எழுதினார் என்பதுதான் அவருடைய பெருமை. நம் ஆட்கள் அளக்காததால் அது 'வழக்கம்' என்றே நின்றுவிட்டது.

1979இல் மொரிட்டானி, டிவ்ரீஸ் இருவரும் எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, தசையின் மின்துடிப்பையும் பருமனையும் விசையையும் சேர்த்து அளந்தார்கள். முதல் சில வாரங்களில் கூடிய வலுவில் பெரும்பங்கு நரம்பின் கணக்கில் வந்தது. அதன் பிறகுதான் சதையின் பங்கு முந்தியது. 1992இல் கரோலன், கஃபரெல்லி இன்னொன்றைக் காட்டினார்கள். முழங்காலை நீட்டும்போது அதற்கு எதிராக இழுக்கும் பின்தொடைத் தசையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த எதிர் இழுப்பு குறைகிறது. பிரேக்கில் கால் வைத்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் காலை எடுத்த மாதிரி!

இதற்கு நம்ம ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் அதே பிரிவில் மறுபடியும் தங்கம். உடம்பு 77 கிலோவைத் தாண்டக் கூடாது, எடையோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சதையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாத விளையாட்டில், இருக்கிற சதையிலிருந்து எவ்வளவு வாங்க முடியும் என்பதுதான் போட்டியே.

களைப்பின் கணக்கு

இப்போது பிச்சாவரத்துத் தோள் எரிச்சலுக்கு வருவோம். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் களைத்துப்போன தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் அதுதான் வில்லன். பிற்பாடு தீர்ப்பு மாறியது. 1980களில் ஜார்ஜ் ப்ரூக்ஸ், லாக்டேட்டை உடம்பு எரிபொருளாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்துகிறது என்று விளக்கினார். தசை தளர்வதற்கு, ஆற்றல் செலவாகும்போது சேரும் பாஸ்பேட்டும், நாருக்குள் கால்சியம் சரியாக வெளியாகாமல் போவதும் முக்கியக் காரணங்கள் என்று இப்போது சொல்கிறார்கள். இதுபோக மூளையிலிருந்து வரும் ஆணையே தளர்வதும் உண்டு. மோஸ்ஸோவின் சகா தேர்வுக்குப் பின் தளர்ந்தாரே, அந்த மாதிரி.

வலு கூடினால் களைப்பு ஏன் தள்ளிப்போகிறது? இது சாதாரண சதவீதக் கணக்கு. 20 கிலோ தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் உச்ச பலம் 40 கிலோ என்றால் 50 சதவீதம் செலவாகிறது. உச்சம் 60 ஆனால் 33 சதவீதம்தான். 1960இல் ரோமெர்ட் என்ற ஜெர்மானியர் வரைந்த கோட்டின்படி, அசையாமல் பிடிக்கும் வேலையில் 50 சதவீதத்தில் சுமார் ஒரு நிமிஷம் தாங்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் வெகுநேரம். கேனின் எடை மாறவில்லை, விலைதான் குறைந்தது. இறுக்கிப் பிடித்த தசை தன் ரத்தக்குழாயையே நெரிக்கும், அதனால்தான் பிடி இறுக இறுக நேரம் இப்படிச் சரிகிறது.

துடுப்புக்கார அண்ணன் கையால் மட்டும் இழுப்பதில்லை. உடம்பைச் சாய்த்து, காலை ஊன்றி, முதுகால் இழுக்கிறார். இழுப்பு முடிந்ததும் தளர விடுகிறார், அந்த இடைவெளியில் ரத்தம் ஓடுகிறது. எதிர் இழுப்பும் குறைவு. ஏலேலோ பாட்டின் தாளம் காலம் காலமாகச் செய்தது இதைத்தான்: எல்லோரும் ஒன்றாக இழு, எல்லோரும் ஒன்றாக விடு. ஜிம் பையனோ முழங்கையை மடக்கி, துடுப்பை நெரித்துப் பிடித்து, விட வேண்டிய நேரத்திலும் விடாமல் இழுக்கிறான். அவனிடம் முதல் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் அவன் நரம்புக்குத் தெரியவில்லை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

"உழைக்கிறவனுக்கு எதுக்குப் பயிற்சி? வேலையே பயிற்சிதானே" என்று வசதியாகச் சொல்வார்கள். இதை ஒப்புக்கொள்ள முடியாது. பயிற்சிக்கு இரண்டு நிபந்தனைகள். சுமை படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும். வலு வளர்வது ஓய்வில்தான். சேற்றில் இடுப்பளவு நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு, நாற்று நடுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே அவர்கள் கையில் இல்லை. ஒரே சுமை, ஒரே அசைவு, ஓய்வு மட்டும் இல்லை. இது பயிற்சி ஆகாது, இது தேய்மானம். கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம், மனிதனுக்கு எழுதுவதில்லை.

1918இல் சென்னையில் தொழிற்சங்கம் பிறந்தபோது பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அவர்கள் கேட்டதைச் சோம்பல் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. மோஸ்ஸோவின் உருளையில் குட்டையாகிப்போன கோட்டைச் சோம்பல் என்று யாராவது சொல்ல முடியுமா?

பாட்டிகளின் 174 சதவீதம்

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1990இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்து பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. லேசான பயிற்சி அல்ல, அவரவர் பலத்துக்கு நல்ல கனம்தான். ஒன்பது பேர் முழுதாக முடித்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் கூடியதோ 9 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள்.

நம் வீடுகளில் ஒரு பாட்டி தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தால் நாம் செய்வது என்ன? "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறோம். பாசம்தான். ஆனால் கூப்பிடப்படாத இயக்க அலகுகள் கூப்பிடாமலே போகின்றன. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத் தினம் சில முறை செய்ய வைத்தாலே அது அவர்களுக்கு இளவட்டக்கல்தான்.

புதிதாகப் பயிற்சி தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். போன வாரம் எட்டு தண்டால், இந்த வாரம் பதினொன்று என்றால் லாபம் வந்துவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாத சொத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை பிச்சாவரம் போனால் துடுப்பு போடுகிறவரின் புஜத்தைப் பார்க்காமல் முதுகையும் காலையும் கவனியுங்கள். இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டு, அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள நேரமும் விடுங்கள்.